மாத்தளையில் ஒரு பீங்கான் கரண்டி

இடுப்பெலும்பு முறிந்த ஒருவரை, விமானத்தில் உட்கார்ந்து வருமளவுக்குத் தேற்றிக் கூட்டிவர வேண்டும். என்னிடம் சொன்ன வேலை அவ்வளவுதான்.

நான் திருச்சிக்காரி. பிசியோதெரபி படித்துவிட்டு சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். கோ என்ற சீனப் பொறியாளர் இலங்கையில், மாத்தளை மாவட்டத்தின் பல்லேகமவுக்கு அப்பால், குடிநீர்க் குழாய் பதிக்கும் பணியில் இருந்தார். குழாய்க்கு வெட்டிய பள்ளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். கண்டியில் அறுவை சிகிச்சை முடிந்து, மாத்தளை நகரில் ஒரு வாடகை வீட்டில் படுத்திருந்தார். அவருடைய மனைவி எனக்கு முன்னதாகவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். "அங்கே தமிழ் பேசுவார்கள். சீனர்களோடு பழகவும் உனக்குத் தெரியும்" என்று மேலாளர் என்னை அனுப்பினார்.

இலங்கையில் சண்டை மறுபடி மூண்டிருந்த வருஷம் அது. அம்மா திருச்சியிலிருந்து போனில் அழுதாள். எல்லாரும் வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு வருவார்களாம், நான் மட்டும் வெளிநாட்டிலிருந்து சண்டைக்குப் போகிறேனாம்.

எதற்கும் வகை பிரித்து வைத்துக்கொள்வது என் வழக்கம். சீன நோயாளிகளின் நம்பிக்கைகளைப் பற்றி எங்கள் மருத்துவமனையில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். நம்பிக்கைகளை மூன்றாகப் பிரிக்கச் சொன்னார்கள்: நன்மை செய்வது, தீங்கில்லாதது, தீங்கு செய்வது. முதலாவதை ஊக்குவி, இரண்டாவதை மதி, மூன்றாவதைப் பக்குவமாகத் தடு. எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. அந்த மூன்று பெட்டிகளோடுதான் கட்டுநாயக்காவில் இறங்கினேன்.

வேனோடு காத்திருந்தவர் செல்வம் அண்ணன். முப்பது வயதுக்குள் இருக்கும். வண்டியை எடுக்குமுன் கண்ணாடிக்குக் கீழே மூன்று தாள்களை வரிசையாக வைத்தார்: அடையாள அட்டை, போலீஸ் பதிவு, நிறுவனத்தின் கடிதம். என்னைப் போலவே ஒழுங்கான ஆள் என்று மகிழ்ந்தேன். இரண்டாவது சோதனைச்சாவடி தாண்டிய பிறகுதான் அது ஒழுங்கு அல்ல, பயம் என்று புரிந்தது.

அவருடைய பெற்றோர் மாத்தளைத் தோட்டமொன்றில் வேலை செய்தவர்கள். எழுபத்தேழு கலவரத்தில் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தை எரித்தபோது வடக்கே கிளிநொச்சிக்கு ஓடிப்போனார்கள். இவர் அங்கே பிறந்தார். பிறகு மாத்தளைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே திரும்பி வந்துவிட்டார். "மாத்தளையில கல்யாணம் கட்டி, மாத்தளையில புள்ள பெத்து, மாத்தளையிலதான் இருக்கேன் மிஸ். ஆனா கார்டுல பொறந்த ஊருன்னு அந்தப் பேரு இருக்கே" என்றார். அந்த ஊர்ப் பெயருக்காகவே அவருடைய தம்பியை ஒரு பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்களாம். தம்பி திரும்பி வர இரண்டு வருஷம் ஆனது. வந்தபின் யாரோடும் அதிகம் பேசுவதில்லை.

வீட்டை அடைந்தபோது மழை விட்டிருந்தது. பின்கட்டில் மிளகுக் கொடி, சாதிக்காய் மரம், யாரும் பறிக்காத கொக்கோ. எங்கள் வீட்டில் அஞ்சறைப் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் அங்கே மரத்தில் தொங்கியது. சமையல் செய்ய வந்திருந்த பெண் ரமணி, செல்வம் அண்ணனின் மனைவி. அன்று அவள் வைத்த இடியப்பமும் சொதியும் பலாக்காய்க் கறியும் இன்றைக்கும் என் நாக்கில் இருக்கின்றன. சிங்கப்பூரில் ஏதாவது கடையில் சொதி என்று எழுதியிருந்தால் ஆசையோடு நுழைந்து, ஏமாந்து வெளியே வருகிறேன்.

மறுநாள் வேலை தொடங்கியது. கோ அமைதியான மனிதர். வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லச் சொன்னேன். எங்கள் ஊர் நோயாளி கட்டிலைத் தொட்டாலே "ஐயோ அம்மா" என்று பதினைந்து சொல்வார். இவர் நெற்றி வியர்க்க, உதடு வெளிற, "இரண்டு" என்றார். காலை இன்னும் கொஞ்சம் தூக்கினேன். மூன்று. இன்னும் கொஞ்சம். ஐந்து. எப்போது கேட்டாலும் மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவிவிடுவார். சீனருக்கு நான்கு சாவோடு சேர்ந்த எண். வலிக்குக்கூட அதைக் கொடுக்க மாட்டார். நான் எண்ணை விட்டுவிட்டுத் தேநீர்க் குவளைகளுக்கு மாறினேன். சின்னக் குவளையா, நடுக் குவளையா, பெரிய குவளையா? உடனே பெரிய குவளையைக் காட்டினார். அன்றுதான் அவருக்குச் சரியான அளவு வலிமாத்திரை கிடைத்தது.

திருமதி கோவுக்கு அறுபது வயதிருக்கும். கட்டையான உடம்பு, வேகமான நடை. கணவருக்குக் குளிர்ந்த எதையும் தரவிடவில்லை. சுடுநீர் மட்டும். அண்டை வீட்டுச் சிங்கள அம்மா நலம் விசாரிக்க வந்தபோது கொண்டுவந்த செவ்விளநீரைச் சிரித்த முகத்தோடு வாங்கி, அவர் போனபின் என்னிடம் தந்தார். நான் வஞ்சனையில்லாமல் குடித்தேன். சுடுநீர், முதல் பெட்டி. இளநீர் மறுப்பு, இரண்டாவது பெட்டி.

சமையலறையில்தான் வேடிக்கை. ரமணிக்கு ஆங்கிலம் வராது. திருமதி கோவுக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. ஆனால் எது சூடு, எது குளிர்ச்சி என்பதில் இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ரமணி வெள்ளரிக்காயைத் தூக்கிக் காட்டி உடம்பை நடுக்குவாள். திருமதி கோ தலையாட்டுவார். மாம்பழத்தைக் காட்டினால் இருவரும் கையால் விசிறிக்கொள்வார்கள். நண்டில்தான் சண்டை வந்தது. எங்களுக்கு நண்டு சூடு, சளிக்கு மருந்து. சீனருக்கு அது கடும் குளிர்ச்சி. ஒருத்தி விசிற, ஒருத்தி நடுங்க, நண்டே இல்லாத சமையலறையில் நண்டுக்காகக் கால்மணி நேரம் வாதாடினார்கள்.

"இந்தம்மா வயித்துல பொறந்திருந்தா எனக்கு வெள்ளரிக்காயே குடுத்திருக்க மாட்டாங்க மிஸ்" என்றாள் ரமணி. அன்றிலிருந்து அவர் அந்த வீட்டில் 'கோ அம்மா' ஆனார்.

அதற்கடுத்த நாள் பல்லேகமவுக்குப் போனோம். கோவின் துணிமணிகளும் அவருடைய அப்பாவின் புகைப்படமும் அங்கே தங்குமிடத்தில் கிடந்தன. துணி இருக்கட்டும், மாமனாரை அங்கே தனியாக விட்டுவைக்க முடியாது என்றார் திருமதி கோ. படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பும் வழியில் மலைமழை பிடித்துக்கொண்டது. வேன் சேற்றில் இறங்கியது. செல்வம் அண்ணன் பின்னால் நின்று தள்ள, என்னை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்தார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவர் சொன்ன மிதியை விட்டு வேறொன்றை மிதித்தேன். தலையிலிருந்து கால்வரை அவர் சேறானார். "பரவால்ல மிஸ், சாமிக்குச் சந்தனக் காப்பு, எனக்குச் சேத்துக் காப்பு" என்றார். ஒரு விவசாயி கை டிராக்டரால் இழுத்துவிட்டு, கொட்டிலில் உட்காரவைத்துக் கித்துள் என்ற கூந்தல்பனையின் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கத் தேநீர் தந்தார். நாங்கள் தமிழில் நன்றி சொல்ல, அவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, மாமனார் மடியிலிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மழைக் கொட்டில்தான் எனக்கு மாத்தளை. சண்டை நடக்கும் நாடு என்பதை அங்கே முழுதாக மறந்திருந்தேன்.

நனைந்ததன் பலனாகச் செல்வம் அண்ணனுக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொன்னேன். ஆனால் அன்று போலீஸ் பதிவைப் புதுப்பிக்கும் நாள். காய்ச்சலோடு ஸ்டேஷனுக்குப் போய் வந்தார். நான் உள்ளே கோவை நடைச்சட்டம் பிடித்து நிற்கப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவர் வாசலில் சீட்டியடித்தபடி டயர் மாற்றிக்கொண்டிருந்தார். குனிந்தபோது சட்டை மேலே ஏறியது. முதுகில் தண்டுவடத்தின் இருபுறமும் நீளமாக இரண்டு கருஞ்சிவப்புக் கோடுகள். அவற்றிலிருந்து விலாப் பக்கம் சாய்வாக, மீன்முள் மாதிரி, வரிசையாக இன்னும் பல. நேற்று ஸ்டேஷனுக்குப் போனவர். தம்பியைத் தூக்கிக்கொண்டு போன ஊர்ப் பெயர்.

நான் உள்ளே போய்க் களிம்பை எடுத்து வந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணா, யார் அடிச்சாங்க?"

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு கையிலிருந்த இரும்பு கீழே விழும்படி சிரித்தார். "அடியா? நம்ம கோ அம்மா மிஸ். தைலத்தப் பூசி, சூப்புக் கரண்டியால முதுகச் சுரண்டி எடுத்துட்டாங்க. காத்து உள்ள புகுந்திருச்சாம். சுரண்டுனதும் ஒரு வேர்வ வேர்த்துச்சு பாருங்க, காச்சல் போன எடம் தெரியல."

"பொலிஸ்காரன்கூட இவருக்கு இவ்வளவு அழகா கோடு போடமாட்டான்" என்றாள் ரமணி வாசற்படியில் நின்று.

நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுவதும் அது மனதை விட்டுப் போகவில்லை. இப்படிச் சுரண்டிய முதுகுகளை சிங்கப்பூரில் வாரம் ஒன்றாவது பார்ப்பேன். பீங்கான் கரண்டியின் விளிம்பால் அழுத்தித் தேய்க்கும்போது தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியும். சில நாளில் மறையும். 'தீங்கில்லாதது' என்ற பெட்டியில் போட்டுப் பல காலமாயிற்று. சீன முதுகில் பார்த்திருந்தால் அந்தக் கணமே பெயர் சொல்லியிருப்பேன். அதே கோடுகளைக் கிளிநொச்சியில் பிறந்த ஒரு தமிழரின் முதுகில் பார்த்தபோது எனக்குத் தடியடிதான் தெரிந்தது.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. எனக்குத் தடியடியாகத் தெரிந்தது இன்னொருவர் கண்ணுக்கும் அப்படியே தெரியும் என்பது தோன்றவில்லை.

அடுத்த நாள் திருமதி கோ தம்புள்ளைச் சந்தைக்குப் போகவேண்டும் என்றார். கணவருக்கு வெள்ளை முள்ளங்கி சூப் வைக்க மாத்தளைக் கடை முள்ளங்கி ஆகாதாம். தம்புள்ளையில் லாரிகள் யானைக்கூட்டம்போல நின்றன. கோஸ், லீக்ஸ், பூசணி எல்லாம் மலை மலையாக. மொத்த வியாபாரிகளின் சந்தையில் ஒரே ஒரு முள்ளங்கி வாங்க வந்த சீன அம்மாவைப் பார்த்து மூட்டைக்காரர்கள் குதூகலித்தார்கள். அவர் ஒவ்வொரு முள்ளங்கியாகத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். கடைசியில் வியாபாரி ஒருவர் ஒரு முள்ளங்கியைத் தன் காதில் வைத்துப் பார்த்து, "இது சிங்களத்துலதான் பேசுது, உங்களுக்கு வெளங்காது" என்று தமிழில் சொல்லி, அதைச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது நல்ல வெயில். காலையில் எங்களைத் தலையாட்டி விட்ட அதே சோதனைச்சாவடியில் இப்போது வேறு ஆட்கள். இளம் சிப்பாய் ஒருவன் தாள்களை வாங்கினான். செல்வம் அண்ணன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டியபோது காலர் விலகியது. சிப்பாயின் கண் கழுத்தடிவரை ஏறியிருந்த கோடுகளில் நின்றது. இறங்கச் சொன்னான். சட்டையைக் கழற்றச் சொன்னான்.

மணல்மூட்டைகளுக்கு முன்னால் அவர் கையைத் தூக்கி நின்றார். வெயிலில் அந்தக் கோடுகள் முன்னைவிடக் கறுத்துத் தெரிந்தன. சார்ஜென்ட் வந்தார். அடையாள அட்டையைப் படித்தார். பிறந்த ஊரைப் படித்த இடம் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அங்கே தலை நிமிர்ந்தது.

சிங்களத்தில் கேள்விகள். யாரிடம் அடிபட்டாய், எங்கிருந்து தப்பி வந்தாய் என்று கேட்டார்களாம். அண்ணன் பதில் சொன்னார். சார்ஜென்ட் சிரித்தார், நல்ல சிரிப்பு அல்ல. நான் இறங்கிப் போய், நான் மருத்துவமனையில் வேலை செய்பவள், இது ஒரு சீன வைத்தியம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். "மிஸ், வண்டியில் உட்காருங்கள்" என்றார். என் பேச்சை அவருக்கு மொழிபெயர்க்கக்கூடிய ஒரே ஆள் சட்டையில்லாமல் கையைத் தூக்கி நின்றவர். அவர் எதை மொழிபெயர்த்தாலும் தனக்காகச் சொல்வதாகத்தான் ஆகும்.

சிப்பாய் ரேடியோவில் பேசினான். ஜீப் என்ற சொல் மட்டும் புரிந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பாமலே, "மிஸ், ரமணிக்குச் சொல்லிருங்க" என்றார்.

வேன் கதவு திறந்தது. திருமதி கோ கைப்பையோடு இறங்கி நேராக சார்ஜென்டுக்கு முன்னால் போய் நின்றார். பையிலிருந்து தைலப் புட்டியையும் வெள்ளைப் பீங்கான் கரண்டியையும் எடுத்தார். தன் சட்டைக் கையைச் சுருட்டி, தைலம் தடவி, கரண்டி விளிம்பால் முன்கையைச் சுரண்டத் தொடங்கினார். எல்லோரும் பார்த்தோம். சுரண்டினார், சுரண்டினார். லேசாகச் சிவந்தது. உடனே மறைந்தது.

சார்ஜென்ட் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார்.

திருமதி கோவின் முகம் வாடிவிட்டது. "எனக்குள் காற்று இல்லை. இல்லாத இடத்தில் வராது" என்றார் என்னிடம்.

மழையில் நனைந்த நாளிலிருந்து எனக்குப் பின்கழுத்து பிடித்திருந்தது. அது காற்றா, தசை இறுக்கமா என்று வாதிட அது நேரமில்லை. அங்கே கிடந்த தார் டிரம்மின்மேல் சிப்பாய்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். பின்னலை முன்னால் போட்டேன். துப்பட்டாவை எடுத்து மடியில் வைத்தேன். முன்பின் தெரியாத ஆண்களின் நடுவே நடுரோட்டில் அப்படி உட்கார்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். திருமதி கோவுக்கும் அது புரிந்தது. அவர் கை தயங்கியது.

"அழுத்துங்கள்" என்றேன்.

முதல் இழுப்பில் எரிந்தது. இரண்டாவதில் கண்ணில் நீர் வந்தது. என் கழுத்து எனக்குத் தெரியாது. எனக்கெதிரே நின்ற செல்வம் அண்ணனின் முகம்தான் தெரிந்தது. அதில் எதுவும் மாறவில்லை. திருமதி கோ மூச்சு வாங்க இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு இளம் சிப்பாய் ஏதோ ஒரு சொல் சொன்னான். அண்ணனின் தூக்கிய கைகள் அரை அங்குலம் இறங்கின. சிவக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

பூட்ஸ் சத்தம் எனக்குப் பின்னால் வந்து நின்றது. பிறகு அண்ணனின் முதுகுக்குப் போனது. மறுபடி எனக்குப் பின்னால்.

"வலியா?" என்று சார்ஜென்ட் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

ஜீப் வந்தது. சார்ஜென்ட் அதனருகே போய்ப் பேசினார். ஜீப் அங்கேயே திரும்பிப் போயிற்று. அட்டையை அண்ணனிடம் நீட்டி, தாழ்ந்த குரலில் நீளமாக ஏதோ சொன்னார். அண்ணன் சட்டையைப் போட்டு எல்லாப் பொத்தான்களையும் மாட்டினார்.

இரண்டு வளைவு தாண்டி, மர நிழலில் வேனை நிறுத்தினார். சார்ஜென்ட் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"இந்த முதுகோட இந்த ரோட்டுல வராதே. அடுத்த ஆள் சீனத்தியக் கேட்டுக்கிட்டு நிக்கமாட்டான். அப்பிடின்னாரு." தண்ணீர் குடித்தார். "கோ அம்மாகிட்ட சொல்லுங்க மிஸ். காச்சல அவங்கதான் எடுத்தாங்க, இல்லேங்கல. ஆனா இனிமே வேணாம். எனக்கு ஒடம்புல ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது."

நான் மொழிபெயர்த்தேன். திருமதி கோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். என் மூன்று பெட்டிகளில் இரண்டாவதிலிருந்து நானும் ஒன்றை எடுத்து மூன்றாவதில் போட்டேன். சிங்கப்பூருக்கு அது இன்றும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

கோடுகள் மறையும்வரை அண்ணன் வெளியே போகவில்லை. நிறுவனம் வேறு ஓட்டுநரை அனுப்பியது. அந்த நாட்களில்தான் கோ நன்றாக நடக்கத் தொடங்கினார். கட்டிலிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கூடம். விமானத்துக்குத் தேவையான அளவு நாற்காலியில் உட்காரவும் முடிந்தது. ஊருக்குக் கிளம்பும் நாள் குறித்தோம். வீடு மட்டும் சிரிப்பில்லாமல் இருந்தது. திருமதி கோ சமையலறைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். ரமணி அவருக்கென்று ஆறவைக்காமல் எடுத்துவைத்த சூப் ஆறிப்போனது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை அண்ணனுக்கு இருமல் திரும்பியது. பின்வாசல் படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். திருமதி கோ ஒரு தட்டோடு வந்தார். கரண்டி இல்லை. தடிமனாக வெட்டிச் சுடவைத்த இஞ்சித் துண்டுகள். அவர் கீழ்ப்படியில் இறங்கி உட்கார்ந்து, அண்ணனின் பாதத்தைப் பிடித்து இழுத்தார்.

அண்ணன் தீயை மிதித்தவர்போலக் காலை இழுத்துக்கொண்டு எழுந்தார். "ஐயோ, வேணாங்கம்மா!"

திருமதி கோ தட்டைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். "உள்ளங்காலில்கூடக் கூடாதா? அங்கே யாரும் பார்க்க மாட்டார்களே."

அதற்கு அல்ல என்றேன். எங்களில் வயதில் மூத்தவர் இளையவரின் காலைத் தொட்டால் இளையவருக்குப் பாவம். நாங்கள்தான் உங்கள் காலைத் தொட வேண்டும்.

அவர் சற்று யோசித்தார். தன் செருப்பைக் கழற்றினார். வலது காலைத் தூக்கி இடது முழங்காலின்மேல் போட்டு, ஒரு இஞ்சித் துண்டை எடுத்துத் தன் உள்ளங்காலில் தேய்க்கத் தொடங்கினார். இன்னொரு துண்டை அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார். அவர் தேய்த்த இடத்தில் தானும் தேய்த்தார். பலமாகத் தேய்க்கச் சொல்லி அவர் சீனத்தில் அதட்டினார். அண்ணனுக்குப் புரிந்தது.

"ரெண்டு பேரும் முள்ளெடுக்கிற மாதிரி இருக்கீங்க" என்றாள் ரமணி. சத்தம் கேட்டுக் கோ நடைச்சட்டத்தோடு கதவுவரை வந்து நின்றார். படியெல்லாம் இஞ்சி மணத்தது.

அண்ணன் ஒரு காலை முடித்து மறு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். புழுக்கமான மாலை. சொந்த மனிதர்கள், பூட்டிய முன்வாசல். ஆனாலும் சட்டையின் கழுத்துப் பொத்தானை அவர் கழற்றவில்லை.